பத்து ஆராங் வரலாறு பத்து ஆராங்ல மட்டும் இல்ல

தம்பி, உங்க கேள்வியை முதல்ல ஒரு தடவை சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும். உங்க தோட்டத்து டவுன்ல கோயில் இளைஞர் குழு ஒன்னு இருக்கு, அதுல பல பேரோட தாத்தா மலேசியா சிலாங்கூர்ல இருக்கற பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்துல வேலை செஞ்சவங்க, பாட்டிமாருங்க தோட்டத்துல கித்தா (ரப்பர்) மரத்துல பால் வெட்டினவங்க. அந்தக் கதையெல்லாம் அவங்களோட போயிடறதுக்குள்ள சேர்த்து வைக்கணும், முடிஞ்சா ஒரு சின்ன மியூசியம் வைக்கணும், வருஷம் ஒரு தடவை விழா எடுக்கணும், பத்து ஆராங்ல நிக்கற பழைய செங்கல் புகைபோக்கியைக் காப்பாத்த யாரைப் பார்க்கணும், எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருந்தீங்க. நானும் அந்தப் பக்கத்து தோட்டத்துக்காரன்தான், எங்க தோட்டத்து வரலாற்றை சேர்க்கற வேலைல ரொம்ப காலமா இருக்கேன், அதனால தெரிஞ்சதை விரிவாவே சொல்றேன்.

ஒரே வரில பதில் வேணும்னா, மியூசியத்தை இப்போதைக்கு விடுங்க, கட்டடத்தை ரெண்டாவதா வைங்க, முதல்ல ஆளுங்களைத் தேடுங்க. அதுவும் பத்து ஆராங்ல போய் மட்டும் தேடாதீங்க. உங்க டவுன்ல, சுத்தி இருக்கற தோட்டங்கள்ல, தோட்டம் வித்ததும் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டுக்கும் ஃப்ளாட்டுக்கும் போனவங்க கிட்ட தேடுங்க. ஏன் அப்படி சொல்றேன்னு புரிய கொஞ்சம் பின்னாடி போகணும்.

பத்து ஆராங்ல நிலக்கரி இருக்குன்னு தெரிய வந்தது 1908ல. 1913ல மலாயன் கோலியரீஸ்னு கம்பெனி ஆரம்பிச்சாங்க, 1915ல வெட்டு தொடங்கிடுச்சு. குவாங் ஸ்டேஷன்ல இருந்து கரி ஏத்தறதுக்குன்னே தனியா ஒரு கிளை ரயில் பாதை போட்டாங்க. அப்போ ரயிலே நீராவியில ஓடின காலம், அதனால ரயில்வேதான் பெரிய வாடிக்கைக்காரன், அடுத்தது ஈயச் சுரங்கத்து மெஷினுங்க, அப்புறம் 1927ல பங்சார் பவர் ஸ்டேஷன் வந்தப்போ அதுக்கும் இந்தக் கரிதான் போச்சு. கோலாலம்பூர்ல லைட் எரிஞ்சதுக்குப் பின்னாடி இந்த ஊர் ஆளுங்களோட வேர்வை இருக்கு தம்பி, இதை நம்ம பிள்ளைங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல, அதுதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். கரியோட விடல, அங்கேயே செங்கல் சூளை, பிளைவுட் ஃபேக்டரி எல்லாம் கம்பெனி நடத்துச்சு. மேல திறந்த குழியா வெட்டினாங்க, கீழ சுரங்கமாவும் போனாங்க. அந்தத் திறந்த குழிங்கதான் இன்னிக்கு தண்ணி நிறைஞ்சு ஏரியா கிடக்கறது, சும்மா மீன் பிடிக்கற இடம்னு நினைச்சிட்டுப் போறவங்க நிறைய.

1936 கடைசியிலயும் 1937 மார்ச்லயும் பெரிய ஸ்டிரைக். 1937ல தொழிலாளிங்க சுரங்கத்தையே கைல எடுத்துக்கிட்டாங்க, கடைசில போலீஸ் உள்ள புகுந்துதான் திரும்பப் பிடிச்சாங்க. மலாயா தொழிலாளர் வரலாறு எழுதற யாரும் இந்த ஸ்டிரைக்கை விட்டுட்டு எழுத முடியாது. அப்புறம் ஜப்பான்காரன் காலம். அப்புறம் 1948 ஜூன்ல கம்யூனிஸ்டுங்களுக்கு எதிரா வெள்ளைக்கார அரசாங்கம் அறிவிச்ச அவசரகாலம் வந்துச்சு, ஒரு மாசம்கூட ஆகல, ஜூலை 12ல கம்யூனிஸ்ட் படை டவுனுக்குள்ளயே வந்து சுரங்கத்து மெஷினுங்களை உடைச்சாங்க, ஆள் உயிரும் போச்சு. அதுக்கப்புறம் வந்த 10 வருஷத்துல ரயில் டீசலுக்கு மாறிச்சு, பவர் ஸ்டேஷன் எண்ணெய்க்கு மாறிச்சு, கரி வாங்க ஆளில்ல, 1960 ஜனவரியில சுரங்கத்தை மூடிட்டாங்க.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கு. சுரங்கம் மூடினதும் கட்டடம், புகைபோக்கி, குழி எல்லாம் அங்கேயே நின்னுடுச்சு, ஆளுங்க நிக்கல. வேலை இருக்கற இடத்தைத் தேடிப் போயிட்டாங்க, ராவாங், குவாங், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், கித்தா தோட்டங்களுக்கு. எங்க டவுன்லயே அப்படி வந்த குடும்பங்க இருக்கு. சுரங்கத்துல இருந்து தோட்டத்துக்கு வந்தவங்களுக்கு தோட்டமாவது நிலைச்சுதான்னா அதுவும் இல்ல, அந்தக் காலத்துலதான் வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு வித்துக்கிட்டு இருந்தான், அதைத் தடுக்கத்தான் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் அதே 1960ல தேசிய நில நிதி கூட்டுறவு சங்கத்தை ஆரம்பிச்சது. பிறகு கித்தா போய் செம்பனை வந்துச்சு, செம்பனை போய் வீடமைப்பு வந்துச்சு, தொழிலாளிங்க குடியிருந்த வரிசை வீடான லயம் இடிஞ்சுது. ஆக ஒரே குடும்பம் ரெண்டு மூனு தடவை பெயர்ந்திருக்கு. அதனால நிலக்கரி டவுனோட ஞாபகம் இன்னிக்கு எங்க இருக்குன்னா, யாரோ ஒருத்தரோட தாமான் வீட்டு அலமாரிக்கு மேல, பிஸ்கட் டின்னுக்குள்ள இருக்கு. உங்க குழு அங்கதான் போகணும்.

கம்பெனியோட வரலாறு தொலையல, அதைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம். மலாயன் கோலியரீஸை உருவாக்கின ஜே.ஏ. ரஸ்ஸல் பத்தி நிறைய எழுதியாச்சு, அவரேதான் 1929ல போ தேயிலைத் தோட்டத்தையும் ஆரம்பிச்சவர், நாம தினம் குடிக்கிற தேத்தண்ணி பாக்கெட் வழியா அந்தக் குடும்பத்தோட கதை இன்னிக்கும் நாட்டுக்கே தெரியும். கம்பெனி வருஷக் கூட்டத்துல எத்தனை டன் வெட்டினாங்க, எவ்வளவு லாபம்னு பேசினதெல்லாம் அந்தக் காலத்து பேப்பர்ல அப்படியே இருக்கு. அந்த டன்னை வெட்டினவன் காலைல என்ன சாப்பிட்டுப் போனான், எந்த ஊர்ல இருந்து கப்பல் ஏறினான், அவன் பொண்டாட்டி கரி படிஞ்ச துணியை எதைப் போட்டுத் துவைச்சா, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போச்சு, இது எந்தப் பேப்பர்லயும் இல்ல. உங்க குழு செய்ய வேண்டிய வேலை இதுதான், இதை வேற யாரும் வந்து செய்யப் போறதில்ல. 1960ல 20 வயசா இருந்தவங்களுக்கு இன்னிக்கு என்ன வயசுன்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க, அப்போ அவசரம் புரியும்.

எப்படிப் பேச வைக்கிறதுன்னு சொல்றேன், இதுலதான் நிறைய குழு தடுமாறுது. போன உடனே கேமராவை நட்டு வச்சு "பாட்டி, உங்க வரலாறு சொல்லுங்க"ன்னு கேட்டா "எனக்கு என்னாப்பா தெரியும், படிக்காத ஜென்மம்"னு முடிச்சிடுவாங்க. வரலாறுன்னா அவங்களுக்கு ராஜா மந்திரி கதை. சின்னச் சின்னதா கேளுங்க. சம்பளத்து அன்னிக்கு வீட்டுல என்ன சமைப்பீங்க? பெரட்டுக்கு (காலைல வேலைக்குப் பேர் கூப்பிடற இடத்துக்கு) எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க, பெரட்டுல யார் பேர் கூப்பிடுவா? தாத்தா சுரங்கத்துல இருந்து வந்ததும் முதல்ல குளிப்பாரா சாப்பிடுவாரா? கடன் எந்தக் கடைல? பிள்ளையை ஆயாக்கொட்டகைல (தோட்டத்துப் பிள்ளை பார்க்கற இடத்துல) விட்டுட்டுப் போனீங்களா? எந்தக் கப்பல்ல வந்தாங்கன்னு உங்கப்பா சொல்லிருக்காரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ரஜூலான்னு பதில் வந்தா ஆச்சரியப்படாதீங்க, 1920கள்ல இருந்து 1970கள் வரைக்கும் நம்ம ஆளுங்களை ஏத்திட்டு வந்த கப்பல் அது. 1938ல இந்திய அரசாங்கம் இங்க கூலி ஆள் அனுப்பறதை நிறுத்திடுச்சு, அதனால குடும்பம் ஊர்ல போய் ஆள் சேர்த்துக் கூட்டிட்டு வந்த கங்காணி மூலமா வந்ததுன்னு சொன்னா அதுக்கு முன்னாடிதான் வந்திருக்கணும்னு நீங்க குறிச்சுக்கலாம்.

பேச்சு வரலன்னா பொருளைக் கைல குடுங்க. எங்க தோட்டத்துல ஒரு பாட்டி, எது கேட்டாலும் ஆமா, இல்ல, அவ்வளவுதான் பதில். அவங்க வீட்டுலயே கிடந்த பழைய பால்வெட்டுக் கத்தியை எடுத்து மடியில வச்சோம். கட்டை விரலால வாயைத் தடவிப் பார்த்துட்டு "யாரு இதைத் தீட்டினது, இப்படியா தீட்டுவாங்க"ன்னு கோவப்பட்டாங்க. அதுக்கப்புறம் எழுந்து நின்னு, முன்னாடி மரம் இருக்கற மாதிரி குனிஞ்சு, கோடு எந்தப் பக்கம் சாயணும், பட்டையை எவ்வளவு மெல்லிசா சீவணும், ஆழமா போயிட்டா மரத்துல காயம் பட்டு கங்காணி என்ன வார்த்தை பேசுவான், பால் பிடிக்கற மங்கை எங்க மாட்டணும், பால் வாளி தூக்கற காண்டாக் கம்பை எந்தத் தோள்ல ஏத்தினா மேடு ஏற சுலபம்னு மூச்சு விடாம சொன்னாங்க. ஒரு மத்தியானம் பூரா. சுரங்கத்து ஆளுக்கு அதே மாதிரி ஒரு பழைய விளக்கோ மண்வெட்டியோ, ஒன்னும் இல்லாட்டி பத்து ஆராங் டவுன் கடை வரிசையோட பழைய போட்டோ ஒன்னு போதும், "இது எந்தக் கடைன்னு தெரியுதா தாத்தா"ன்னு ஆரம்பிங்க.

ரெக்கார்ட் பண்ண தனி கருவி வேணாம், ஹேண்ட்போன் போதும். ஏரோப்ளேன் மோட்ல போடுங்க, ஃபேன் சத்தத்தை நிறுத்துங்க, டிவியை அடைக்கச் சொல்லுங்க, போனை அவங்க நெஞ்சுக்குப் பக்கத்துல துணி மேல வைங்க. ஆரம்பிக்கும்போது தேதி, இடம், பேசறவங்க பேர், கேக்கறவங்க பேர் நாலையும் குரலாவே சொல்லிடுங்க, பின்னாடி ஃபைல் பேர் மாறினாலும் குரல் மாறாது. முக்கியமானது, இதை யார் கேக்கலாம், வெளிய போடலாமா வேணாமான்னு அவங்க கிட்டயே அந்த ரெக்கார்டிங்லயே கேட்டு சம்மதம் வாங்குங்க. வேணாம்னா வேணாம். அன்னிக்கு ராத்திரியே மூனு இடத்துல காப்பி எடுத்து வைங்க, மூனும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாது, நம்ம பக்கம் வெள்ளம் சொல்லிட்டு வராது.

போட்டோ, தாள், ஐசி (அடையாள அட்டை), இதெல்லாம் வந்தா தயவு செஞ்சு லேமினேட் பண்ணாதீங்க. நல்லது செய்யறதா நினைச்சு நம்ம ஆளுங்க பழைய சிவப்பு ஐசி, பிறப்புப் பத்திரம், தாத்தாவோட வேலைச் சீட்டு எல்லாத்தையும் லேமினேட் பண்ணிடறாங்க, அந்தச் சூட்டுல மை போகும், பிறகு தாளைப் பிரிக்கவே முடியாது. பசை ஆல்பத்துல ஒட்டின போட்டோவைப் பிய்க்காதீங்க, ஆல்பத்தோட வச்சு ஸ்கேன் பண்ணுங்க, 600 டிபிஐ வைங்க. போட்டோ பின்னாடி பேனாவால எழுதக் கூடாது, மெல்லிசா பென்சில்ல எழுதுங்க. பின் பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் பண்ணுங்க, ஸ்டுடியோ முத்திரை இருக்கும், யாருக்கோ அனுப்ப எழுதின ரெண்டு வரி இருக்கும், முகத்தைவிட அதுல நிறைய தெரியும். அசலை உடனே வீட்டுக்காரங்க கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. "மியூசியத்துக்கு"னு வாங்கிட்டுப் போய் திருப்பியே குடுக்காத ஆளுங்களால எத்தனையோ பெரியவங்க இப்போ அலமாரியைத் திறக்கவே பயப்படறாங்க.

வீட்டைத் தாண்டி தமிழ்ல எழுத்து இருக்கற இடம் மூனு. கோயில், சுடுகாடு, தமிழ்ப்பள்ளி. கோயில்னு நான் சொல்றது கோபுரத்தை இல்ல, கணக்கு நோட்டை. எங்க கோயில் பீரோவுல ஒரு பழைய வரவு செலவு நோட்டு இருந்துச்சு, நீல மை, ஓரமெல்லாம் செல்லரிச்சு, திருவிழாவுக்கு யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு வரிசையா. 50 காசு, 1 வெள்ளி, 2 வெள்ளி. ஒரே பேர்ல நாலஞ்சு பேர் இருந்ததால எழுதினவர் பேருக்குப் பக்கத்துல அடையாளம் போட்டிருக்கார், ஸ்டோர், காட்டு வேலை, மாட்டு வண்டி, ரெண்டாவது லயம் அப்படின்னு. நடுவுல சில பேருக்கு நேரா "பத்து ஆராங்கார்". அப்படித்தான் யார் யார் அங்கேருந்து வந்த குடும்பம்னு எங்களுக்குத் துப்பு கிடைச்சது, பேரப்பிள்ளைங்களுக்கே தெரியல. தலைவர், செயலாளர் கிட்ட முறையா கேட்டு, கோயில்லயே உக்காந்து ஒரு ஒரு பக்கமா போட்டோ எடுங்க, நோட்டு வெளிய போகக் கூடாது.

சுடுகாட்டுல பழைய கல்லெழுத்து தேய்ஞ்சு போயிருக்கும். மாவு தடவறது, சாக்பீஸ் தேய்க்கறது, கம்பி பிரஷ் போடறது எதுவும் வேணாம், கல்லு கெட்டுப்போகும். காலைலயோ சாயந்தரமோ வெயில் சாய்வா விழும்போது எடுங்க, இல்லாட்டி டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிங்க, மறைஞ்ச எழுத்தும் நிழல்ல எழும்பும். ஊர் பேரு போட்டிருந்தா கட்டாயம் குறிச்சுக்கோங்க, தமிழ்நாட்டுல எந்தப் பக்கத்து ஆளுங்கன்னு தெரியறதுக்கு பல குடும்பத்துக்கு மிச்சம் இருக்கற ஒரே சாட்சி அந்தக் கல்லுதான். தமிழ்ப்பள்ளில பழைய சேர்க்கைப் பதிவேடு இருந்தா அப்பா தொழில்னு ஒரு கட்டம் இருக்கலாம், தலைமையாசிரியர் அனுமதியோட தொழில், வருஷம் மட்டும் எண்ணி எடுங்க, பிள்ளைங்க பேரை வெளிய போடாதீங்க.

அடுத்தது கொஞ்சம் கனமான விஷயம். 1937, ஜப்பான்காரன் காலம், 1948, இந்த மூனையும் பத்தி கேக்கும்போது பெரியவங்க திடீர்னு வாயை மூடிடுவாங்க. அதுக்குக் காரணம் இருக்கு. ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடிச்சுட்டுப் போய் திரும்பி வராத அண்ணன், சித்தப்பா இல்லாத தோட்டத்துக் குடும்பத்தை விரல் விட்டு எண்ணிடலாம். அவசரகாலத்துல ஒரு மூட்டை அரிசி எங்க போச்சுன்னு கேட்டே ஆளை உள்ள வச்ச காலம், சங்கத்துல இருந்தான்னாலே சந்தேகம். மலாயா தொழிற்சங்கங்களோட தலைவரா இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949ல ராவாங் பக்கத்துலதான் பிடிச்சாங்க, அந்த வருஷம் மே 4ல புடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க. அந்தச் செய்தியை நேர்ல கேட்ட தலைமுறை, "சங்கம்"கற வார்த்தையையே மெதுவாத்தான் சொல்லும். அதனால தோண்டித் தோண்டிக் கேக்காதீங்க. சொன்னா கேளுங்க, நிறுத்தச் சொன்னா ரெக்கார்டிங்கை நிறுத்துங்க, "இது என் காலத்துக்கு அப்புறம் போடு"ன்னு சொன்னா அதையும் எழுதி வச்சு அப்படியே நடங்க. ஒருத்தர் நல்லவர் கெட்டவர்னு தீர்ப்பு எழுதறது உங்க வேலை இல்ல, என்ன நடந்துச்சுன்னு அவங்க வாயால வந்ததை அவங்க வார்த்தைலயே வைக்கிறதுதான்.

இதையெல்லாம் சரிபார்க்க எழுத்து ஆவணம் வேணும். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பேப்பர்களை இணையத்துல இலவசமா போட்டிருக்கு, அதுல மலாயாச் செய்தி நிறைய, 1935ல ஆரம்பிச்ச தமிழ் முரசும் இருக்கு. கம்பெனி பேரைப் போட்டுத் தேடுங்க, ஊர் பேரைப் போட்டும் தேடுங்க, ஆங்கிலத்துல ஊர் பேரை ரெண்டு மூனு விதமா எழுதிருப்பாங்க, எல்லாத்தையும் போட்டுப் பாருங்க. கோலாலம்பூர் ஆர்க்கிப் நெகாராவுல (தேசிய ஆவணக் காப்பகத்துல) சிலாங்கூர் செக்ரட்டேரியட் ஃபைலுங்க இருக்கு, வெள்ளைக்காரன் காலத்து கடிதப் போக்குவரத்து. முதல்ல இணையத்துல பட்டியல்ல தேடி ஃபைல் நம்பரை எடுத்துக்கிட்டுப் போனா நேரம் மிச்சம். பாட்டி சொன்ன கதையும் ஃபைல்ல இருக்கறதும் முரண்பட்டா ஒன்னைத் தூக்கிப் போடாதீங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஃபைல் எழுதினது துரை, அவனுக்கும் சொல்ல ஒரு பக்கம் இருந்துச்சு.

இப்போ கட்டடம். பத்து ஆராங் இருக்கறது கோம்பாக் மாவட்டம், செலாயாங் நகராண்மைக் கழகத்துக்குக் கீழ. கோம்பாக்-உலு லங்காட் ஜியோபார்க்ல (மண்ணியல் சிறப்புக்காகப் பாதுகாக்கற வட்டாரம்) அந்த இடத்தையும் சேர்த்திருக்காங்க, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தி ஏரியில படிஞ்ச படிவம், அதுல நிலக்கரி அடுக்குன்னு மண்ணியல் பக்கமும் முக்கியமான இடம் அது. அதனால நீங்க போய்ப் பார்க்க வேண்டிய முதல் ஆளு நகராண்மைக் கழகம், அப்புறம் ஜியோபார்க் அலுவலகம். 2005ம் வருஷத்து தேசிய மரபுடைமைச் சட்டத்துப்படி ஒரு இடத்தை மரபுடைமையா அறிவிக்கச் சொல்லி பொதுமக்களும் பரிந்துரை குடுக்கலாம், அதுக்கு ஜபாத்தான் வாரிசான் நெகாரா (தேசிய மரபுடைமைத் துறை) இருக்கு. ஆனா நிலம் யாரோடதுன்னு முதல்ல நில அலுவலகத்துல பாருங்க, தனியார் நிலத்துல இருக்கற ஒன்னைப் பத்தி சொந்தக்காரர் இல்லாம பேசினா எதுவும் நகராது. பரிந்துரைக் கடிதத்தோட நீங்க சேர்த்த ரெக்கார்டிங், போட்டோ, பேர் பட்டியலை இணைச்சுக் குடுத்தா அதுக்கு இருக்கற கனம் வேற, வெறும் "இது பழைய புகைபோக்கி, காப்பாத்துங்க"ன்னு எழுதற கடிதம் ஃபைலுக்குள்ள போய் உக்காந்துடும். ஆளுங்களை முதல்ல தேடச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

உற்சாகத்துல நீங்களே புகைபோக்கியை சுத்தம் பண்ணப் போகாதீங்க. செங்கல் இடுக்குல முளைச்ச ஆலஞ்செடியை இழுத்துப் பிடுங்கினா வேரோட செங்கலும் வரும். பழைய செங்கல்ல சிமெண்ட் பூசினா தண்ணி உள்ள மாட்டிக்கிட்டு செங்கல் பொரிஞ்சு உதிரும். தெரிஞ்சவங்க வர்ற வரைக்கும் போட்டோ எடுங்க, அளவு எடுங்க, வருஷம் ஒரு தடவை அதே இடத்துல நின்னு அதே கோணத்துல எடுங்க, எவ்வளவு சாயுது, எங்க விரிசல் பெருசாகுதுன்னு அதுவே சாட்சி.

சுரங்கத்து வாய்க்குள்ள யாரும் போகக் கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன். வீடியோ எடுக்க ஆசையா இருக்கும். மூடின நிலக்கரிச் சுரங்கத்துல ஆக்சிஜன் இருக்காது, விஷ வாயு தேங்கி இருக்கும், மூக்குக்குத் தெரியாது, ரெண்டு மூச்சுல ஆள் விழுந்துடுவான், தூக்கப் போனவனும் விழுவான். போதாததுக்கு இந்த வகை கரி காத்து பட்டா தானா சூடேறி உள்ளுக்குள்ள புகையும். குழி ஏரிங்களும் கரையிலேயே திடீர்னு ஆழம், பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா தண்ணிப் பக்கம் விடாதீங்க.

விழா எப்படி எடுக்கறதுன்னு கேட்டீங்க. இங்கிலாந்துல டர்ஹம்னு ஒரு நிலக்கரி மாவட்டம், அங்க 1871ல இருந்து சுரங்கத் தொழிலாளர் விழா நடக்குது, ஜூலை மாசம். ஒவ்வொரு சுரங்கத்து ஊருக்கும் ஒரு பெரிய பட்டுக் கொடி, ஊர் பேண்டு வாத்தியத்தோட தெருவுல தூக்கிட்டு வருவாங்க, சுரங்கம் ஓடின காலத்துல அந்த வருஷம் யாராவது உள்ள செத்திருந்தா கொடில கறுப்புத் துணி கட்டுவாங்க, சில கொடியைத் தேவாலயத்துக்குள்ள கொண்டு போய் ஆசீர்வாதம் வாங்குவாங்க. அங்க கடைசி சுரங்கம் மூடினது 1993ல. விழா இன்னும் நடக்குது, லட்சம் பேர்கிட்ட வர்றாங்க, பல ஊர் பிள்ளைங்க புதுசா காசு சேர்த்து தாத்தாவோட சுரங்கத்துக்குக் கொடி தைக்கிறாங்க. சுரங்கமே இல்லாத ஊர்ல சுரங்கத்துக் கொடி போகுது பாருங்க, ஏன்னா அவங்க விழா கட்டடத்தை நம்பி இல்ல, எந்தக் கூட்டம் எந்தக் கொடிக்குப் பின்னாடி நடக்கணும்கற முறையை நம்பி இருக்கு.

அந்த முறை நம்ம கிட்ட ஏற்கனவே இருக்கு தம்பி. உபயம். மலேசியாவுல பழைய கோயில் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்க, முதல் நாள் உபயம் ஸ்டோர்காரங்க, ரெண்டாம் நாள் காட்டு வேலை ஆளுங்க, மூனாம் நாள் லாரி டிரைவருங்க, ரயில்வே உபயம், பொதுப்பணி உபயம்னு வேலைவாரியா இருக்கும். இன்னிக்கு அந்த வேலையும் இல்ல, அதனால பல கோயில்ல குடும்பப் பேரா, கம்பெனி பேரா மாத்திட்டாங்க. நீங்க புதுசா ஹெரிடேஜ் டேன்னு ஒன்னு ஆரம்பிச்சு மேடை போட்டு ஒய்பிக்காக (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினருக்காக) காத்துக் கிடக்கறதைவிட, பழைய நோட்டீஸ் தேடி எந்த உபயம் யாரோடதா இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சு, அதே பேரைத் திரும்ப நோட்டீஸ்ல போடச் சொல்லி நிர்வாகத்துகிட்ட கேளுங்க. சுரங்கத்து ஆளுங்க உபயம்னு ஒரு நாள் இருந்தா, அந்தக் குடும்பங்க எங்க இருந்தாலும் அன்னிக்கு வருவாங்க. ஜொகூருக்குப் போனவன்கூட திருவிழாவுக்கு லீவு போடுவான், ஹெரிடேஜ் டேக்குப் போட மாட்டான். அன்னிக்கு அன்னதானப் பந்தி பக்கத்துல மேஜை போட்டு, ஸ்கேன் பண்ணின போட்டோவைப் பெருசா பிரிண்ட் எடுத்து வைங்க, பக்கத்துல பென்சிலும் தாளும். "இதுல யார் யார்னு தெரிஞ்சா எழுதுங்க." ஒரே நாள்ல உங்களுக்குக் கிடைக்கற பேர், வீடு வீடா போய் ஒரு வருஷம் அலைஞ்சாலும் கிடைக்காது.

சுவர்ல 3டி ஓவியம் வரையற யோசனையும் சொல்லிருந்தீங்க. வரையறதுல தப்பில்ல, ஆனா முகம் யாரோடதுன்னு தெரியாத ஒரு பொம்மைத் தொழிலாளியை வரையாதீங்க. பேர் தெரிஞ்ச ஒருத்தரை, குடும்பத்தோட சம்மதத்தோட வரைஞ்சு, கீழ அவர் என்ன வேலை செஞ்சார்னு மூனு வரி போடுங்க.

மியூசியத்துக்கு ரெண்டு மாதிரி சொல்றேன், பிறகு நீங்களே யோசிங்க. பகாங் சுங்கை லெம்பிங்ல 1986ல மூடின பெரிய ஈயச் சுரங்கத்துக்கு மியூசியம் இருக்கு, அது பழைய மேனேஜர் பங்களாவுல. போய்ப் பார்க்க வேண்டிய இடம், ஆனா மேட்டு மேல இருந்து கீழ பார்க்கற வரலாறு. இன்னொன்னு சுமத்ராவுல சாவாலுந்தோ. அந்த நிலக்கரி டவுன் 2019ல யுனெஸ்கோ உலக மரபுடைமை ஆச்சு. அங்க டச்சுக்காரன் காலத்துல தொழிலாளிங்களுக்கும் கைதிங்களுக்கும் மொத்தமா சமைச்ச பொதுச் சமையல்கூடத்தையே மியூசியமா வச்சிருக்காங்க, பெரிய பெரிய அண்டா, பக்கத்துலயே சங்கிலி போட்டு வேலை வாங்கின கைதிங்களோட கல்லறைக் கல், பேர் இல்லாம வெறும் நம்பர் மட்டும் வெட்டினது. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். உங்களுக்கு எப்பவாச்சும் ஒரு இடம் கிடைச்சா பங்களாவைத் தேடாதீங்க, ஒரே ஒரு லயத்து வீடு, அடுப்பங்கரையோட. பத்துக்குப் பத்து அறையில எத்தனை பேர் படுத்தாங்கன்னு பாயை விரிச்சுக் காட்டினா போதும்.

ஒரு விஷயத்தை மறக்காதீங்க, பத்து ஆராங் நம்ம மட்டும் கட்டின ஊர் இல்ல. சுரங்கத்துல பெரும்பான்மை சீனர், 1937 ஸ்டிரைக்கோட கதை அவங்க வீடுகள்லதான் அதிகம் இருக்கு, மலாய்க்காரங்களும் ஜாவாவில இருந்து வந்தவங்களும் அங்க வாழ்ந்திருக்காங்க. டவுன்ல பழைய கோப்பிக்கடைல காலைல போய் உக்காந்து பசியாறிட்டுப் பேச்சுக் குடுங்க, மலாய்ல பேசினா எல்லாருக்கும் பேச்சு வரும். நீங்க அவங்க கதையைக் கேட்டா அவங்க உங்க தாத்தா கதையை சொல்லுவாங்க, ஒரே ஷிஃப்டுல வேலை செஞ்சவங்கதானே. எழுதி வைக்கும்போது தமிழ்ல முழுசா எழுதுங்க, அதுக்கு மலாய்ல சுருக்கம் ஒன்னு போடுங்க, அலுவலகத்துல வேலைக்கு ஆகறது அந்தச் சுருக்கம்தான்.

காசு பத்தி கேட்டீங்க. முதல் ஒரு வருஷத்துக்குப் பெரிய காசு வேணாம், ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு ஸ்கேனர், பெட்ரோல். மானியம் தேடி முதல் ஆறு மாசத்தை ஓட்டிடாதீங்க, வேலை கைல இருந்தா மானியம் கேக்கறது சுலபம். இந்த வாரமே குழுவுல ஆளுக்கு ஒரு தாள் எடுத்து, சுரங்கத்துலயோ செங்கல் சூளைலயோ வேலை செஞ்சவங்க, அவங்க பிள்ளைங்க, 80 வயசைத் தாண்டினவங்க யார் யார்னு பட்டியல் போடுங்க. வயசுல மூத்தவங்க வீட்டுக்கு முதல்ல போங்க, உடம்பு முடியாதவங்க இருந்தா அவங்க வீட்டுக்கு அதுக்கும் முன்னாடி. போகும்போது வெறும் கையோட போகாதீங்க, பழமும் ரொட்டியும் வாங்கிட்டுப் போங்க, முதல் தடவை போன்ல எதுவும் ரெக்கார்ட் பண்ணாம சும்மா பேசிட்டு வாங்க.